வழக்குரை பெறாத கொலை
1603ஆம் ஆண்டு மட்டக்களப்பு நிகழ்ச்சி பற்றிய ஒரு திறனாய்வு

அரசன் ஒருவன் ஆராயாது கூறிய சொல்லால் ஓர் உயிர் அழிந்த கதையை மட்டக்களப்பு நாட்டார் நன்கறிவர். வைகாசித் திங்களிலே கண்ணகை அம்மன் கோயில்களிற் படிக்கப்பெறும் வழக்குரை காவியம் அக்கதையையே பொருளாக உடையது. பாண்டியன் அவையில் நீதி கேட்ட பத்தினியின் குரல் வாவியின் இருமருங்கும் ஆண்டுதோறும் ஒலிக்கின்றது. ஆயின், அதே வாவி கடலொடு கலக்கும் நாட்டிலே, 1603ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கண்டியரசன் முதலாம் விமலதர்மசூரியன் முன்னிலையில் ஒல்லாந்தக் கப்பற்படையின் துணைத்தளபதி செபால்ட் டி வேர்ட் என்பானும் அவனொடு வந்தோர் ஏறக்குறைய 50 பேரும் கொல்லப்பட்ட நிகழ்ச்சிக்கு வழக்குரை எதுவும் அமைந்திலது. அதனைப் பற்றி நூல்கள் உள; தீர்ப்புகளும் உள; இருதரப்பையும் நிறுத்திக் கேட்ட விசாரணை மட்டும் இல்லை. அந்நூல்களின் கூற்றுக்களை ஒப்புநோக்கி, சான்றாகக் கொள்ளத்தக்கன இவை, கதையாகக் கழிக்கத்தக்கன இவை என வகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ச்சியின் பின்னணி

விமலதர்மசூரியன் இளமையிற் போர்த்துக்கேயரிடம் வளர்ந்து, ஞானதீக்கை பெற்று, தொன் யுவான் என்னும் பெயரும் பூண்டவன். அவர்தம் மொழியையும் போர்முறையையும் அவர்களிடமே கற்றுப் பின்னர் அவர்களுக்கே பெரும்பகைவன் ஆனான். 1594இல் தந்துரைப் போரில் அவர்களை முறியடித்து, அவர்கள் அரசியாக்கக் கொணர்ந்த தோனா கதரினா என்னும் குசுமாசன தேவியைக் கைக்கொண்டு மணந்தான். கண்டியரசின் வாரிசுரிமை அப்பெண்ணின் வழியே வந்தது. ஆதலின், அவளைப் பற்றிய எச்சொல்லும் அரசுரிமையைப் பற்றிய சொல்லாகவே அவன் செவியிற் படும் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

கரையோரப் பகுதிகளிற் போர்த்துக்கேயர் வலிமை பெற்றிருந்த காலம் அது. அவர்களைக் கடல்வழியாகத் தாக்கவல்ல துணை ஒன்றினைக் கண்டியரசன் நாடியிருந்தான். 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்புக் கரையில் நங்கூரமிட்டான். உள்ளூர்த் தலைவன் அவர்களைப் போர்த்துக்கேயர் என முதலில் ஐயுற்றான். அவ்வையம் இயல்பானதே. ஒருபுறம் கண்டிக்கும் மறுபுறம் போர்த்துக்கேயருக்கும் இடையில் நின்று தன் நாட்டைக் காக்கவேண்டிய நிலையில் அவன் இருந்தான். ஐயம் நீங்கியபின் ஸ்பில்பேர்கன் கண்டிக்குச் சென்று அரசனாற் பெரிதும் பாராட்டப்பெற்றான். ஒல்லாந்தர் கோட்டை கட்டுவதாயின் தானும் தன் மனைவி மக்களும் தோளிற் கல் சுமப்போம் என்று அரசன் அவனிடம் கூறினான் என்பது பலரும் எடுத்தாளும் செய்தி.

அவ்வாண்டின் இறுதியிலேயே டி வேர்ட் வந்து சேர்ந்தான். கடலோடிகளுள் அவன் பெயர் பெற்றவன். மகெல்லன் நீரிணை வரை சென்று துன்பங்கள் பல பட்டு 1600இல் மீண்டவன். தென் அத்திலாந்திக் கடலில் அவன் கண்ட தீவுகள் அவன் பெயரால் நெடுங்காலம் வழங்கின. அவனும் கண்டிக்குச் சென்று அரசனைக் கண்டான். ஒல்லாந்தர் கடல்வழியும் கண்டிப்படை தரைவழியும் சென்று காலிக் கோட்டையைத் தாக்குவதென முடிவாயிற்று. அதன்பின் அவன் சுமாத்திராவின் அச்சே நாட்டிற்குச் சென்று, கப்பல்கள் பலவற்றுடன் 1603இல் மட்டக்களப்புக்கு மீண்டான். வந்த பின்னர் போர்த்துக்கேயக் கப்பல்கள் சிலவற்றைப் பிடித்து, அவற்றிலிருந்தோரை விடுதலை செய்துவிட்டான். அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கவேண்டும் என எதிர்பார்த்திருந்த அரசன் இதனால் வெகுண்டான். இந்நிலையிலேயே இருவரும் மட்டக்களப்பிற் சந்தித்தனர். இன்று புளியந்தீவிற் காணப்படும் கோட்டை அப்பொழுது இல்லை; அது 1628இற் போர்த்துக்கேயரால் எழுப்பப்பட்டது.

சான்றுரைப்போர் யாவர்?

இச்சந்திப்பில் நிகழ்ந்தவற்றை விரிவாகக் கூறுவோருள் முதன்மையானவர் பிலிப்பு பால்தேயு. இவர் 1658 தொடக்கம் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திற் சமயப்பணி புரிந்த ஒல்லாந்தப் பாதிரியார். தமிழ் எழுத்துக்களைத் தம் நூலில் அச்சிட்டு ஐரோப்பியர்க்குக் காட்டியவர் என்ற அளவிலும் தமிழர்க்கு இவர் அறிமுகமானவர். இவருடைய பெருநூல் 1672இல் அமிஸ்ரடாமில் வெளிவந்தது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே 69 ஆண்டுகள் கழிந்தன. போர்த்துக்கேயர் தரப்பில் நிற்பவர் பெர்னாவோ தே குவேறோஸ் சுவாமியார். கோவையிலிருந்து எழுதிய இவர் தம் நூலை நிறைவு செய்தது 1687இல். இடைவெளி 84 ஆண்டுகள். அந்நூல் 1916இற் கொழும்பில் அச்சேறும் வரை கையெழுத்துப் படியாகவே கிடந்தது.

கண்டியரசனை இவ்விருவரும் நோக்கும் நோக்கு வேறு. குவேறோசுக்கு அவன் திருமுழுக்குப் பெற்றபின் சமயத்தைக் கைவிட்ட துரோகி. அத்தகையவன் யாரைக் கொன்றாலும் அது அவன் இயல்பே என்பது அவர் நிலை. பால்தேயுவுக்கோ அவன் ஒல்லாந்தரின் முதல் நண்பன். அந்நட்பு முறிந்ததற்கு ஒரு காரணம் வேண்டும். அக்காரணம் ஒல்லாந்த நாட்டின் கொள்கையிற் குறை காணாததாகவும் இருத்தல் வேண்டும். மதுவருந்திய ஒரு தளபதியின் நாவிற் பழியை ஏற்றிவிடின் இருவர்க்கும் இழுக்கில்லை. பால்தேயு இதனை எண்ணித் திட்டமிட்டார் என்று கூறுதல் மிகையாகும். தமக்குக் கிடைத்த செய்திகளுள் இதனை முன்னிறுத்துதல் அவருக்கு எளிதாயிற்று என்ற அளவிற் கூறலாம்.

சிங்கள மக்களின் சான்றாக இக்கொலையை விரிவாகக் கூறும் நூல் வரலாற்றாசிரியர் விவாதத்தில் இடம்பெறவில்லை. நிகழ்ச்சி நடந்த நாட்டுக்குரிய தமிழர் குரலும் அங்கே கேட்கப்படவில்லை. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் போன்ற உள்ளூர் மரபு நூல்கள் குடிமுறையையும் கோயில் உரிமையையும் பேணிக்காக்கும் நோக்கின. அந்நியர் இருவரின் பூசலை ஆராய்வது அவற்றின் வேலையன்று. ஆகவே, மட்டக்களப்பு மண்ணில் நிகழ்ந்த ஒரு கொலைக்கு மட்டக்களப்பார் அல்லாதாரே சான்றுரைக்கின்றனர். இதனை முதலில் மனங்கொண்டே மேலே செல்லவேண்டும்.

கதையும் அதன் உட்பொருளும்

பால்தேயு கூறும் கதை சுருக்கமாக இது. டி வேர்ட் படைக்கலந் தாங்கிய பலரோடு கரையிறங்கினான். அரசன் அதனை விரும்பவில்லை. கப்பலுக்கு வந்து பார்வையிடுமாறு டி வேர்ட் வற்புறுத்தினான், அரசன் மறுத்தான். கண்டியில் அரசி தனித்திருப்பதால் தான் விரைந்து திரும்பவேண்டும் என்றும், டி வேர்ட் காலிக்குச் செல்லவேண்டும் என்றும் கூறினான். மது மயக்கத்தில் இருந்த டி வேர்ட், அரசிக்கு ஆண்துணைக்குக் குறைவிராது என்னும் பொருள்பட இழிமொழி ஒன்றைச் சொன்னான். அரசன் எழுந்து, அவனை நாயென இகழ்ந்து, கட்டுமாறு பணித்தான். ஏவலர் நெருங்கவே டி வேர்ட் எதிர்த்தான், வெட்டுண்டு வீழ்ந்தான். கரையில் நின்ற அவன் தோழரும் கொல்லப்பட்டனர். பின்னர் அரசன் கப்பலிலிருந்தோர்க்குப் போர்த்துக்கேய மொழியில் ஒரு சிறு மடல் விடுத்தான். மதுவருந்துவோன் நல்லவன் ஆகான் என்றும், கடவுள் நீதி செய்தார் என்றும், சமாதானம் வேண்டின் சமாதானம், போர் வேண்டின் போர் என்றும் அதிற் கூறினான்.

இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. அரசனும் டி வேர்ட்டும் உரையாடிய மொழி போர்த்துக்கேயம். இருவர்க்கும் பொதுப்பகைவராய் இருந்தோரின் மொழி. ஒருவன் அதனைச் சிறுபருவத்திலேயே கற்றுத் தேர்ந்தவன். மற்றவன் கடற்றொழிலிற் பழகியவன். மாலுமியரிடையே நகைச்சுவையாகக் கொள்ளப்படும் சொல் அரசவையிற் கொலைக்குரிய சொல்லாக மாறக்கூடும். அரசன் இட்ட ஆணையும் போர்த்துக்கேயத்திலேயே கூறப்படுகிறது. அம்மொழியிற் 'கட்டு' என்பதற்கு வழங்கும் சொல் 'அமார்ரா'. 'கொல்' என்பதற்கு வழங்கும் சொல் 'மாத்தா'. இரண்டும் ஒலியால் நெருங்கியவை. அரசன் கட்டச் சொன்னான், ஏவலர் கொன்றனர் என்ற மரபு இவ்வொலி நெருக்கத்திற் கிளைத்த குழப்பமோ, உண்மையில் நிகழ்ந்த பிழையோ என்பது ஆராய்தற்குரியது. அன்றியும், சிங்கள ஏவலர்க்கு இடும் ஆணையை அரசன் போர்த்துக்கேயத்தில் இடுவானேன் என்ற வினாவும் எழும். அவையிலிருந்த முதலிமாருட் சிலர் அம்மொழி அறிந்தவரே என்பது உண்மை. எனினும், அந்தச் சொல் அரசன் வாயிற் பிறந்த வண்ணமே நூலில் ஏறியது என்று நம்புவதற்கு இல்லை. இடையிற் சொன்னவர் பலர், எழுதியவர் பலர்.

சிலப்பதிகாரம் பயின்றோர்க்கு இவ்விடம் புதிதன்று. ஊடல்கொண்ட கோப்பெருந்தேவியின் அரண்மனை நோக்கி விரையும் பாண்டியன், பொற்கொல்லன் மொழி கேட்டு, கள்வனைப் பற்றிய ஆணையை நின்றவாறே இடுகின்றான். அவன் சொல்லக் கருதியது வேறு, வாயினின்று வெளிப்பட்டது வேறு என விளக்குவோரும் உளர். ஒரு வினையெச்சத்தின் ஈறு மாறியதால் ஓர் உயிர் போயிற்று என்பது அவ்விளக்கத்தின் கருத்து. இரு நிகழ்ச்சியிலும் அரசன் தன் தேவியை நாடிச் செல்லும் விரைவில் இருக்கின்றான். இரண்டிலும் ஆணைக்கும் செயலுக்கும் இடையில் ஏவலரின் கைவாள் நுழைகின்றது. வேறுபாடு பின்னே வருவதில் உள்ளது. பாண்டியன் தன் பிழை உணர்ந்த அக்கணத்திலேயே உயிர்நீத்தான். விமலதர்மசூரியன் மடல் எழுதினான். இளங்கோவடிகள் அறத்தைக் கூற்றுவனாக்கி அரசன் மேல் ஏவினார். கண்டியரசனோ கடவுளின் நீதியைத் தன் பக்கத்துச் சான்றாக்கிக் கொண்டான்.

காரணம் யாது?

குடிமயக்கமும் இழிமொழியும் மட்டுமே இக்கொலைக்குக் காரணமாகுமா? அரசனது மடலே மதுவைக் குறிப்பிடுகின்றதாதலின், அதனை முற்றாகத் தள்ளுதல் முறையன்று. ஆயினும், அந்த மடல் யாருக்கு எழுதப்பட்டது என்பதை நோக்குக. கப்பல்களில் எஞ்சி நின்ற ஒல்லாந்தர்க்கு அது எழுதப்பட்டது. அவர்களுடைய பீரங்கிகள் கரையை நோக்கி நின்றன; அவர்களுடைய நட்போ அரசனுக்கு இன்னும் வேண்டியிருந்தது. தளபதி ஒருவனின் தனிக்குற்றமே இது, உங்கள் நாட்டோடு பகையில்லை எனக் காட்டுதல் அப்போது அவனுக்குத் தேவை. மதுவின் மேற் பழியைச் சுமத்துதல் அதற்குத் தக்க வழி. எனவே, மடல் கூறும் காரணம் அரசியல் நோக்குடைய காரணம். முழுமையான காரணமாக அதனைக் கொள்ளவியலாது.

அதற்கு முன்னரே அரசன் உள்ளத்தில் ஐயம் விளைவதற்குரிய செய்திகள் இரண்டு உள. ஒன்று, போர்த்துக்கேயத் தளபதி யெரோனிமோ தே அசவேதோ அக்காலத்திற் செய்த சூழ்ச்சி. அரசனிடம் முதலியாக இருந்த மனுவேல் தியாஸ் என்பவனைக் கொண்டே அரசனைக் கொல்லுவிக்க அவன் முயன்றான். தியாஸ் உடன்படுவான் போற் காட்டி, அரசனிடம் உண்மையை உரைத்தான். சூழ்ச்சிக்கு வந்தோர் அகப்பட்டனர். இரண்டு, பிடிபட்ட போர்த்துக்கேயரை டி வேர்ட் விடுவித்த செயல். கொலைச்சூழ்ச்சிக்குத் தப்பிய அரசனுக்கு, பகைவரை விடுவித்தவன், படைக்கலத்தோடு கரையிறங்கி, தனியே கப்பலுக்கு வருமாறு மீண்டும் மீண்டும் அழைத்தல் எவ்வாறு தோன்றியிருக்கும்? நட்பின் அழைப்பாக அது தோன்றியிருக்க இடமில்லை. இவற்றோடு, ஒல்லாந்த மாலுமிகள் கரையிற் பசுக்களைக் கொன்று மக்கள் வெறுப்பைத் தேடினர் என்ற செய்தியும் சேர்த்து எண்ணத்தக்கது.

ஆக, விறகு முன்னரே அடுக்கப்பட்டிருந்தது. இழிமொழி அதில் வீழ்ந்த பொறி. பொறியையே காட்டி விறகை மறைத்துவிடுதல் பழைய நூல்களின் குறை. அதற்கு மறுதலையாக, விறகைக் காட்டிக் கொலையை நியாயப்படுத்துதலும் குறையே. விருந்தினனாக அழைத்து வந்தவனைக் கொல்லுதல் எந்நாட்டு அறத்திலும் பெரும்பழி. டி வேர்ட் ஒருவன் பிழைத்தான் எனக் கொண்டாலும், கரையில் நின்ற மாலுமிகள் யாது பிழைத்தனர்? அவர்கள் இழிமொழி பேசினர் என்று எந்நூலும் கூறவில்லை. காரணங்களை ஆராயும் அறிஞர் பலர் இந்த வினாவைத் தொடாமலே செல்கின்றனர்.

இலண்டன் அவையில் ஒரு கொலை

இங்கு அக்காலத்து ஆங்கில அரசவையை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. மட்டக்களப்பு நிகழ்ச்சிக்குப் பத்தாண்டு கழித்து, 1613ஆம் ஆண்டு செத்தெம்பர் 15ஆந் திகதி, இலண்டன் கோபுரச் சிறையிற் சேர் தொமஸ் ஓவர்பெரி இறந்தான். முதலாம் யேம்ஸ் மன்னனின் அன்புக்குரிய இரொபேட் காரின் உற்ற நண்பன் அவன், கவிஞனும் ஆவான். எசெக்ஸ் பிரபுவின் மனைவி பிரான்சிஸ் ஹவாட்டைக் கார் மணக்க விரும்பியதை அவன் எதிர்த்தான். மன்னன் அளித்த தூதுப்பதவியை ஏற்க மறுத்தமையால் அவன் சிறையிடப்பட்டான். அங்கே நஞ்சூட்டப்பட்டான் எனப் பின்னர் வெளிப்பட்டது. அவ்வாண்டு இறுதியிற் காருக்கும் பிரான்சிசுக்கும் அரசவையிற் சிறப்பாகத் திருமணம் நிகழ்ந்தது. 1615இல் உண்மை கசிந்தபோது விசாரணை எழுந்தது. எட்வேட் கோக், பிரான்சிஸ் பேக்கன் முதலிய சட்டவல்லார் வழக்கில் ஈடுபட்டனர். சிறை அதிகாரி, காவலன், மருந்து விற்றவன், பிரான்சிசின் தோழி ஆகிய நால்வர் தூக்கிலிடப்பட்டனர். குற்றவாளிகளென 1616இற் தீர்க்கப்பட்ட காரும் மனைவியுமோ உயிர்ப்பிச்சை பெற்று, 1622இற் கோபுரத்தினின்றும் வெளிவந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைக்கும்போது, கீழைநாட்டு அரசவை கொடுங்கோன்மையுடையது, மேலைநாட்டு அரசவை சட்டம் தழுவியது என்னும் பழைய பாடம் ஆட்டங் காண்கின்றது. இலண்டனில் நீதிமன்றம் கூடியது உண்மை. சாட்சியங்கள் எழுத்தில் வந்தன என்பதும் உண்மை. ஆயினும், ஏவியவர் வாழ, ஏவப்பட்டவர் மாண்டனர். எழுத்திலுள்ள அச்சாட்சியங்களையும் ஐயத்தோடு நோக்கும் அறிஞர் உளர். பிரான்சிஸ் ஹவாட்டைப் பற்றிய கூற்றுக்களிற் பெண்வெறுப்பு எவ்வளவு கலந்துள்ளது என்பதை டேவிட் லின்ட்லி 1993இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

இக்கடைசிச் செய்தி மட்டக்களப்பு நிகழ்ச்சிக்கும் ஒளிதருவது. இரு கதைகளிலும் அரசியற் பூசலின் நடுவே ஒரு பெண் நிறுத்தப்படுகின்றாள். இலண்டனில் அவள் நஞ்சூட்டியவள். மட்டக்களப்பில் அவள் அங்கே இல்லாமலே இகழப்பட்டவள். தோனா கதரினா அன்று கண்டியில் இருந்தாள். அவள் பேசிய சொல் ஒன்றும் இக்கதையில் இல்லை. போர்த்துக்கேயர் அவளை அரசுரிமைக்குக் கருவியாக்கினர். விமலதர்மசூரியன் வெற்றிப்பொருளாகக் கொண்டான். 1604இல் அவன் இறந்தபின் அடுத்த அரசன் செனரத்தும் அவளையே மணந்து அரியணையை உறுதிப்படுத்தினான். டி வேர்ட் அவளை நகைப்பொருளாக்கினான். வரலாற்றாசிரியர் அவளைக் கொலைக்குக் காரணமாக்கினர். உடன்படிக்கை முறிவு, கைதிகள் விடுதலை, கொலைச்சூழ்ச்சி ஆகிய ஆடவர் செயல்கள் பின்னே தள்ளப்பட்டு, அவள் பெயர் முன்னே நிற்கின்றது. இது நூல்கள் செய்த இரண்டாவது அநீதி.

விளைவும் முடிவும்

கொலைக்குப்பின் ஒல்லாந்தர் உடனே பழிவாங்கவில்லை. அவர்களுடைய முதற்பகைவர் போர்த்துக்கேயராகவே இருந்தமையின், கணக்கைப் பின்னர்ப் பார்க்க விடுத்தனர். 1612இற் செனரத்தோடு உடன்படிக்கை செய்தனர். 1638ஆம் ஆண்டு மே மாதம் வெஸ்ரர்வோல்ட் தலைமையில் வந்து, இரண்டாம் இராசசிங்கனுடன் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். தோனா கதரினாவின் மகனாகிய அவ்வரசனோடு அதே மாதம் உடன்படிக்கையும் எழுதினர். கைப்பற்றும் கோட்டைகளில் யார் படை இருப்பது என்பது பற்றி அவ்வுடன்படிக்கையின் வாசகத்தின் மேல் இருதரப்பும் நெடுங்காலம் பிணங்கின. 35 ஆண்டுகளுக்கு முன் வாய்ச்சொல்லில் விளைந்த பிணக்கு, எழுதிய சொல்லிலும் விளைந்தது எனலாம். இரண்டின் பயனையும் நுகர்ந்தவர் இந்நாட்டு மக்களே. கோட்டையின் உரிமையாளர் மாறினர்; இறை கொடுத்தோர் மாறவில்லை.

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். ஒன்று: டி வேர்ட்டின் கொலையைக் குடிவெறியின் விளைவாகச் சுருக்கிக் கூறுதல் சான்றுகளின் எடையைக் குறைத்து மதிப்பிடுவதாகும், அதன் வேர் முறிந்த நம்பிக்கையில் உள்ளது. இரண்டு: அவ்வேரைக் கண்டமையால் அரசனின் பழி நீங்காது, கரையில் மாண்ட பெயரற்ற மாலுமிகளே அதற்குச் சான்று. மூன்று: நிகழ்ச்சியை எழுதியோர் யாவரும் கப்பலில் நின்றோ மலைநாட்டை நோக்கியோ எழுதினர், இடைநின்ற மட்டக்களப்புத் தலைவனும் மக்களும் அன்று கண்டது யாது, பட்டது யாது என வினவினார் இலர்.

மூன்றாவதாகக் கூறிய குறையைத் தீர்க்கும் பொறுப்பு இந்நாட்டு மாணாக்கருக்கே உரியது. ஒல்லாந்தரின் நாட்குறிப்புக்களும் கடிதங்களும் மூலமொழியிற் பேணப்பட்டுள்ளன. தொனால்டு பேர்குசன் போன்றோர் அவற்றுட் பலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்தும் உள்ளனர். அவற்றைத் தமிழிற் கொணர்ந்து, கல்வெட்டும் செப்பேடும் கோயில் மரபும் கூறுவனவற்றோடு ஒப்பிட்டு நோக்கின், வாவியின் கரையிலிருந்தே அந்நிகழ்ச்சியைக் காணும் ஒரு வரலாறு உருவாகும். பாண்டியன் அவையிற் கோவலனுக்கு வழக்குரைத்தவள் சிலம்பை உடைத்து அதன் உட்பரலைக் காட்டினாள். வரலாற்று வழக்கிலும் நூலின் மேற்சொல்லை உடைத்து உட்பரலை நோக்குவதே முறையாகும்.